உங்களுக்குத் தெரியுமா? கூலிங் கிளாஸின் தலைநகரம் தருமபுரி!

ராஜாஜி என்றதும் கண்முன் என்ன வருகிறது? கதர் வேட்டி, கைத்தடி, அப்புறம் அந்தக் கறுப்புக் கண்ணாடி! 1878-ல் அவர் பிறந்தது ஓசூர் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில். 1965 அக்டோபர் 2-ல் சேலத்தைப் பிரித்துத் தருமபுரி மாவட்டம் உருவானபோது அந்த ஊர் நம் கணக்கில் வந்துவிட்டது. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் பிறந்த மண் நம்முடையது!

கூலிங் கிளாஸைச் சுழற்றி மூக்கின் மேல் உட்காரவைக்கும் வித்தைக்காரர் யார்? சாட்சாத் ரஜினிகாந்த்! அவர் பிறந்தது பெங்களூரில்தான். ஆனால் பூர்விகம்? வேப்பனப்பள்ளி பக்கம் நாச்சிக்குப்பம். அதுவும் பழைய தருமபுரி மாவட்டம்!

இன்னொரு பொருத்தத்தையும் பாருங்கள். ராஜாஜி பிறந்தது டிசம்பர் 10. ரஜினி பிறந்தது டிசம்பர் 12. இடைவெளி 2 நாள், 72 வருடம்!

ஃபாஸ்ட்ராக் கூலிங் கிளாஸ் போடாத காலேஜ் பையன் உண்டா? அந்த பிராண்டைப் பெற்றது டைட்டன், வருடம் 1998. டைட்டன் பிறந்தது 1984-ல். தொழிற்சாலை எழும்பிய இடம் ஓசூர். அன்றைக்கு ஓசூர் எந்த மாவட்டம்? சொல்லவும் வேண்டுமா... தருமபுரி!

டைட்டனில் அதிகப் பங்கு டாடாவிடம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! தமிழ்நாடு அரசின் டிட்கோவிடம் சுமார் 28 சதவீதம். டாடா குழுமத்திடம் சுமார் 25 சதவீதம்தான். உங்கள் கைக்கடிகாரத்திலும் கூலிங் கிளாஸிலும் அரசாங்கத்துக்குப் பங்கு இருக்கிறது!

2002-ல் டைட்டன் எட்ஜ் வந்தது. தண்ணீர் புகாத வாட்ச்களில் உலகிலேயே மெல்லியது என்று மார்தட்டினார்கள். மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரம் வெறும் 1.15 மில்லிமீட்டர்! உருவாக்கிய ஊர் ஓசூர். அப்போதும் அது தருமபுரி மாவட்டமே!

2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தொரப்பள்ளி, நாச்சிக்குப்பம், ஓசூர் மூன்றும் ஒரே நாளில் அந்தப் பக்கம் போய்விட்டன. போகட்டும், நம்ம சொந்தக்காரர்கள்தானே! 38 வருடப் பெருமையை எந்த அரசாணையும் பிரித்துக் கொடுத்துவிட முடியாது!

ஒரு மாநிலம். மூன்று முதல்வர்கள். மூவருக்கும் கறுப்புக் கண்ணாடி! ராஜாஜி, கருணாநிதி, எம்.ஜி.ஆர். இப்படி ஒரு கூட்டணி வேறெந்த மாநிலத்தில் அமையும், சொல்லுங்கள் பார்ப்போம்!

1969 பிப்ரவரி முதல் 1987 டிசம்பர் வரை தமிழ்நாட்டு முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இரண்டே இரண்டு பேர். ஒருவர் கருணாநிதி, மற்றவர் எம்.ஜி.ஆர். நடுவே ஜனாதிபதி ஆட்சி வந்ததே தவிர, மூன்றாவது முதல்வர் வரவில்லை. கட்சி மாறியது, கொடி மாறியது, கறுப்புக் கண்ணாடி மட்டும் மாறவில்லை!

கருணாநிதி கறுப்புக் கண்ணாடி போட்டது ஸ்டைலுக்காக அல்ல! 1953-ல் நடந்த கார் விபத்தில் கண் பாதிக்கப்பட்டது. 1971-ல் அமெரிக்காவுக்குப் போய் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கண்ணாடியும் அவரும் பிரியவே இல்லை. 2017-ல்தான் டாக்டர்கள் சொல்லி வேறு கண்ணாடிக்கு மாறினார். புது ஃபிரேம் வந்தது ஜெர்மனியிலிருந்து. பழைய கண்ணாடி உழைத்த காலம் 46 வருடம்!

மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதிக்குப் போனவர்களுக்குத் தெரியும். கல்லின் மேல் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே அவருடைய வாட்ச் இன்னும் ஓடுகிறதாம்! 1987-லிருந்து அந்த 'டிக் டிக்'கைக் கேட்க வரிசை நிற்கிறது!

சரி, உலகத்தின் முதல் கூலிங் கிளாஸில் கண்ணாடியே கிடையாது! வடதுருவப் பனியில் வாழும் இனூயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் தந்தத்திலும் செதுக்கிக்கொண்டார்கள். நடுவே ஊசி போல ஒரு கீறல். அதன் வழியாகத்தான் பார்வை. வயது 2,000 வருடம்! இன்றைய ஃபேஷன் ஷோவில் யாராவது மாட்டிக்கொண்டு நடந்தால் கைதட்டுவார்கள்!

ரோமாபுரி மன்னன் நீரோ மரகதத்தின் வழியாக கிளாடியேட்டர் வீரர்களின் சண்டையைப் பார்த்தானாம். எழுதி வைத்தவர் பிளினி. மரகதத்தில் கூலிங் கிளாஸ்! நம்மூர் நகைக்கடையில் விலை கேட்டாலே தலை சுற்றும்!

சீனாவில் 12-ஆம் நூற்றாண்டு நீதிபதிகள் புகைநிற ஸ்படிகத்தைக் கண்ணுக்கு முன்னால் மாட்டிக்கொண்டார்கள். வெயிலுக்காகவா? இல்லை! சாட்சி சொல்லும்போது நீதிபதியின் கண் என்ன நினைக்கிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது! ரம்மி ஆடுகிறவர்கள் கவனிக்க!

1929-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் சாம் ஃபாஸ்டர் என்பவர் மலிவு விலைக் கூலிங் கிளாஸை விற்க ஆரம்பித்தார். எட்டே வருடம்! 1937-ல் அமெரிக்காவில் விற்றது 2 கோடி! அதில் உண்மையிலேயே கண்ணுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டவர்கள் கால்வாசிப் பேர்தான் என்று 'லைஃப்' பத்திரிகை போட்டு உடைத்தது. மீதி முக்கால்வாசி? பந்தாதான்!

பூனைக்கண் ஃபிரேம் தெரியுமல்லவா? 60-களின் கதாநாயகிகள் பிக்னிக் போகும்போது மாட்டுவார்களே, ஓரம் மேலே தூக்கியிருக்குமே, அதேதான். வடிவமைத்தவர் அல்டினா ஷினாசி என்ற பெண். வெனிஸ் நகரத் திருவிழா முகமூடியைப் பார்த்து வந்த யோசனை. பெரிய கம்பெனிகள் எல்லாம் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பின. ஒரே ஒரு கடை வாங்கியது. 1939-ல் அதே ஃபிரேமுக்கு அமெரிக்க வடிவமைப்பு விருது!

சினிமா போலீஸ் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போது போட்டிருப்பாரே, அந்த ஏவியேட்டர், போலீஸுக்காகச் செய்ததே இல்லை! மேகத்துக்கு மேலே கண் கூசித் தவித்த விமானிகளுக்காகச் செய்தது. காப்புரிமை 1937. 1944-ல் ஜெனரல் மெக்ஆர்தர் பிலிப்பைன்ஸ் கரையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஒரே போட்டோ, உலகப் புகழ்!

அடுத்தது என் செல்லம், ரேபான் கம்பெனியின் வேஃபேரர்! 1952-ல் வந்தது. கெட்டியான பிளாஸ்டிக் ஃபிரேம், சரிவகமான கண். கொஞ்ச நாள் ராஜாவாக வாழ்ந்தது. பிறகு சரிவு. 1981-ல் வருடம் முழுக்க விற்றது 18,000 ஜோடிதான். மூடுவிழா நடத்த வேண்டியதுதான் பாக்கி!

கம்பெனி என்ன செய்தது? 1982-ல் ஒரு விளம்பர ஏஜென்சியிடம் வருடத்துக்கு 50,000 டாலர் கொடுத்து, 'சினிமாக்காரர்கள் முகத்தில் இதை மாட்டிவிடுங்கள்' என்றது. 1983-ல் 'ரிஸ்கி பிஸினஸ்' படத்தில் டாம் குரூஸ் மாட்டினார். அந்த வருட விற்பனை 3,60,000! 1986-ல் 15 லட்சம்! அதே 1986-ல் 'டாப் கன்' படத்தில் அவர் ஏவியேட்டர் மாட்டினார். அதன் விற்பனையும் 40 சதவீதம் ஏறியது. ஒரே மூக்கு, இரண்டு மாடல், கோடிக்கணக்கில் லாபம்!

1999-ல் ரேபானை இத்தாலியின் லக்ஸாட்டிகா வாங்கியது. கொடுத்த விலை 64 கோடி டாலர்!

வட்டக் கண்ணாடி மறுபடியும் ஃபேஷன். அதற்கு என்ன விலை கொடுப்பீர்கள்? 200 ரூபாய்? 2,000? பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான் 1968-ல் தன் நண்பர் ரிங்கோவின் காரில் ஒரு வட்டக் கூலிங் கிளாஸை மறந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு பக்கக் கொக்கி உடைசல். 'சரிபண்ணித் தரட்டுமா?' என்று டிரைவர் கேட்டதற்கு 'விடுங்க' என்று சொல்லிவிட்டார். 2019 டிசம்பரில் லண்டனில் ஏலம் விட்டார்கள், அதே உடைசலோடு! போன விலை 1,37,500 பவுண்டு!

அதையும் அடித்துச் சாப்பிட்டது நம் காந்தித் தாத்தாவின் வட்டக் கண்ணாடி! 2020-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு ஏலக்கடையின் தபால் பெட்டியில் யாரோ ஒரு கவரைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. வார விடுமுறை முழுக்க அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காந்தியின் கண்ணாடி! 15,000 பவுண்டு தேறும் என்று மதிப்புப் போட்டார்கள். ஏலத்தில் 6 நிமிடத்தில் போனது 2,60,000 பவுண்டுக்கு!

நிலாவுக்குப் போன விண்வெளி வீரர்களின் ஹெல்மெட் முகப்பில் என்ன பூசியிருந்தது தெரியுமா? தங்கம்! அசல் தங்கம்! மெல்லிய தங்கப்பூச்சுதான் அங்கே கூலிங் கிளாஸ்!

பழைய காலத்து 'ஆமை ஓடு' ஃபிரேம் என்று பழுப்பும் மஞ்சளுமாக வருமே? அசல் சரக்கு நம் மன்னார் வளைகுடாவிலும் நீந்துகிற அழுங்காமையின் ஓட்டிலிருந்து எடுத்தது. இன்று அதன் உலக வணிகத்துக்கே தடை. இப்போது கடையில் விற்பது ஆமையைப் பார்த்ததே இல்லை!

அப்படியானால் அது எதிலிருந்து வருகிறது? பருத்தியிலும் மரக்கூழிலும் இருந்து! அசிடேட் ஃபிரேமின் மூலப்பொருள் அதுதான். வேட்டிக்கும் பருத்தி, கூலிங் கிளாஸுக்கும் பருத்தி!

வெயிலில் போனால் தானாகக் கறுத்து, வீட்டுக்குள் வந்தால் தானாக வெளுக்கும் கண்ணாடி இருக்கிறதே, 1960-களில் கார்னிங் கம்பெனி கண்டுபிடித்ததில் கலந்திருந்தது என்ன? வெள்ளி உப்பு! போட்டோ ஃபிலிமில் இருந்த அதே சமாச்சாரம்!

தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன். மறுநாள் பட்டையான கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார், பழைய வில்லன் நடிகர் தோரணையில்! அந்தக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் கதையைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடிக் கூரை உடைந்து, அதன் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விட்டன. கண் அவற்றை எதிர்க்கவே இல்லை! அதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் 1949-ல் அதே ரகப் பிளாஸ்டிக்கில் முதல் லென்ஸை வைத்தார். போர் விமானம் தந்த பார்வை!

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் தொடங்கியபோது எத்தனை படுக்கை? வெறும் 11! இன்று உலகமே வந்து பாடம் படிக்கிறது!

மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று கூலிங் கிளாஸ் மாட்டிவிடுகிறோமே, அது சுத்தப் பொய்! பார்வையில் பரவாது, கையில் பரவும். கண்ணைத் தொட்ட கை, கதவுப்பிடி, துண்டு, தலையணை... அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், கிருமியைத் தடுக்காது!

அந்த நோய்க்கு ஊர் பெயர் வரக் காரணமே, 1918-ல் சென்னையில் முதலில் அடையாளம் கண்டதுதான். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தொடங்கியது 1819-ல். லண்டனுக்கு அடுத்து உலகிலேயே பழைய கண் மருத்துவமனை. 200 வயதைத் தாண்டியாச்சு!

இனி நேராக ஒகேனக்கல்! பரிசலில் ஏறும்போது போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் மேல் மினுங்கும் கூச்சம் காணாமல் போகும். தெளிந்த இடத்தில் அடியில் நீந்தும் மீனே தெரியும்! பொரித்த மீனை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இது புது அனுபவம்!

அதற்கு ஒரு கணக்கும் உண்டு. தண்ணீரில் சுமார் 53 டிகிரி சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி முழுக்க ஒரே திசையில் அதிரும். போலராய்டு அதைக் கச்சிதமாக மறித்துவிடும். இந்தக் கோணத்தின் விதியை பிரூஸ்டர் சொன்னது 1815-ல், ஒரு போலராய்டு கண்ணாடிகூட விற்காத காலத்தில்!

போலராய்டு தாளைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டவர். 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வயது 20-கூட ஆகவில்லை! பிள்ளை அரியர் வைத்தால் ரொம்பத் திட்டாதீர்கள்!

உங்கள் கூலிங் கிளாஸ் அசல் போலராய்டா? கடைக்காரரிடம் கேட்காதீர்கள், செல்போனிடம் கேளுங்கள்! போன் திரையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். பெரும்பாலான போன்களில் ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். இருண்டால் போலராய்டு! இதனால்தான் விமானிகளைப் போலராய்டு போட வேண்டாம் என்கிறார்கள். எதிரே இருக்கும் கருவித் திரையே மறைந்துவிடும்!

கறுப்பாக இருந்தால் நல்ல கண்ணாடி என்று யார் சொன்னது? புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணைவிட மோசம்! இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும். விரிந்த வாசல் வழியாகக் கதிர் தாராளமாக உள்ளே போகும். ஆனால் பாலிகார்பனேட்டில் செய்த நிறமே இல்லாத கண்ணாடிகூட அந்தக் கதிரை மறித்துவிடும். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, 'யுவி 400' என்ற எழுத்தை!

ஏற்காட்டில் குளிர்கிறதே என்று கூலிங் கிளாஸைக் கழற்றிப் பையில் போடுகிறீர்களா? தப்பு! 1,000 மீட்டர் மேலே போனால் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உடம்பு நடுங்கும், கண் வேகும்!

2031 மே 21. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்! அன்றைக்குத் தென் தமிழகத்தில் வளைய சூரிய கிரகணம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிடாதீர்கள். கிரகணக் கண்ணாடி உள்ளே விடும் ஒளி லட்சத்தில் 3 பங்குதான். இரண்டு மூன்று கூலிங் கிளாஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பலிக்காது!

ஒகேனக்கல் பரிசலுக்கு வேறொரு வேலையும் உண்டு. சுமார் 7 அடி அகலம், எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். கரையேறியதும் பரிசல்காரர் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடப்பார். உலகத்தின் மிகப்பெரிய வெயில் தொப்பி ஒகேனக்கல்லில்தான் இருக்கிறது!

நம் ஊர் மன்னன் அதியமான் என்ன மாட்டியிருந்தான்? காலில் பொற்கழல், மேலே பனம்பூ மாலை! சொன்னவர் ஒளவையார். புறநானூறு, 99-ஆவது பாட்டு. தகடூரின், அதாவது அன்றைய தருமபுரியின், ஃபேஷன் ரிப்போர்ட் சங்க காலத்திலேயே வெளியாகிவிட்டது!

அதே பாட்டில் இன்னொரு செய்தி. கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்களாம்! அடுத்த முறை பஸ் ஸ்டாண்டில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடிக்கும்போது தகடூருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்!

செருப்பு வார் பட்ட இடத்தில் காலில் தழும்பு இருக்கிறதா? சங்க கால இடையனுக்கும் இருந்தது! தோல் செருப்பு அழுத்தி அழுத்தித் தழும்பேறிய கால் என்று பெரும்பாணாற்றுப்படை படம்பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தழும்புக்கு வயது 2,000-ஐத் தொடும்!

சோழன் கிள்ளிவளவனிடம் ஒரு புலவர் நேருக்கு நேராகச் சொன்னார்: உன் வெண்கொற்றக் குடை உனக்கு வெயில் படாமலிருக்க அல்ல, வருந்தும் குடிமக்களுக்கு நிழல் தர! புறநானூறு 35. அப்படியே நிலவரியையும் தள்ளுபடி வாங்கிக்கொண்டு போனார் அந்த வெள்ளைக்குடி நாகனார். ஒரு குடையை வைத்து வரியே ரத்து!

லண்டனில் கதையே வேறு. 1750-களில் ஜோனாஸ் ஹான்வே என்ற ஆண் குடை பிடித்துத் தெருவில் நடந்தார். ஊரே கேலி பண்ணியது. குதிரை வண்டிக்காரர்கள் வம்பிழுத்தார்கள், மழை நாளில் பிழைப்பு கெட்டுவிடுமே! மனிதர் அசரவில்லை. சுமார் 30 வருடம் விடாமல் பிடித்தார்!

பனையோலை விசிறிக்கு ஒரு சாமியாரே உண்டு! பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் வாழ்ந்த யோகி ராம்சுரத்குமார். கையில் ஓலை விசிறியும் கொட்டாங்கச்சியும்தான் சொத்து. மக்கள் வைத்த பெயர் விசிறி சாமியார். கரண்ட் போனால் கைகொடுப்பது இன்றும் அதே விசிறிதான்!

வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்குப் போட்ட சோலா தொப்பி எதில் செய்தது? தோலா, துணியா, இரும்பா? எதுவுமில்லை, நெட்டி! குளத்தில் முளைக்கிற செடியின் பஞ்சு போன்ற தண்டு. தஞ்சாவூரில் பெரிய கோயிலையே குட்டியாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்களே, அதே நெட்டி! 2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது!

பனாமா தொப்பி பனாமாவில் பிறந்ததில்லை! பிறந்த நாடு ஈக்வடார். 1906-ல் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப்போன அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தலையில் வைத்தார். பெயர் பனாமாவுக்கே நிலைத்துவிட்டது. யுனெஸ்கோ அங்கீகாரம் மட்டும் 2012-ல் சரியான முகவரிக்கு வந்தது!

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே குவிந்து கிடக்கும் ஒரே ஒரு கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி அளவு. அறுபடாமல் பிரித்தால் நூல் நீளம் சுமார் 1 கிலோமீட்டர்!

பாரீஸின் ஹெர்மெஸ் கம்பெனி 1937-ல் தன் முதல் பட்டு ஸ்கார்ஃபை விட்டது. ஏவியேட்டருக்கும் அதே வருடம்தான்! ஒரு ஸ்கார்ஃபுக்குச் சுமார் 250 கூடு தேவை என்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: 250 கிலோமீட்டர் நூல்! தருமபுரியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்தால் காஞ்சிபுரத்தையே தொட்டுவிடலாம். பட்டு தானாகப் பட்டு ஊருக்குப் போய்ச் சேரும்!

மல்லிகை மணக்க மணக்கப் பூப்பதே வெயில் காலத்தில்தான்! காசு குறைந்த, கரண்ட் தேவைப்படாத சம்மர் ஃபேஷன். மதுரை மல்லி புவிசார் குறியீடு வாங்கியது 2013-ல். அதற்கும் 8 வருடம் முன்னாலேயே, 2005-ல், மதுரைச் சுங்குடிச் சேலை வாங்கிவிட்டது!

ஹவாய் செருப்பின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிரேசிலின் ஹவாயானாஸ் செருப்பில் பொடிப்பொடியாக ஒரு கோலம் இருக்கும். அது அரிசி! ஜப்பானியர்களின் வைக்கோல் செருப்பைப் பார்த்து 1962-ல் செய்தது. நன்றிக்கடனாக அரிசி வடிவத்தை அச்சிட்டார்கள்!

2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா கம்பெனியின் கோடைக்கால ஃபேஷன் ஷோ. மாடல்கள் காலில் அச்சு அசல் நம் கோலாப்பூர் செருப்பு! பெயரைக்கூடச் சொல்லவில்லை. இந்தியாவே கொதித்தது. கடைசியில் 'ஆமாம், இந்தியக் கைவினையைப் பார்த்துத்தான்' என்று ஒத்துக்கொண்டார்கள். கோலாப்பூர் செருப்பு 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பெரிய மனுஷன். அவரிடமா!

சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசிக் கூலிங் கிளாஸ் வாங்கிய தலைமுறை கையைத் தூக்குங்கள்! பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களுக்காக 1969-ல் வந்த கடைத்தெரு அது. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பதுதான் அங்கே மரியாதை!

கடைசியாக, உலகத்தின் சம்மர் ஃபேஷனையே ஆட்டிவைத்த நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி! இதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

1958. கேப்டன் கிருஷ்ணன் நாயர், பிற்பாடு லீலா ஹோட்டல்களைத் தொடங்கினாரே அவர்தான், 10,000 கெஜம் மெட்ராஸ் துணியை ஓர் அமெரிக்க வியாபாரிக்கு விற்றார். கெஜம் 1 டாலர். 'சாயம் போகும், குளிர்ந்த தண்ணீரில் பக்குவமாகத் துவைக்கணும்' என்று சொல்லித்தான் அனுப்பினார். வாங்கியவர் அதை மறந்தே போனார். நியூயார்க்கின் பெரிய கடையான புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் சட்டை தைத்து விற்றது. முதல் துவையலிலேயே சாயம் கொட்டியது! சண்டை, வக்கீல், அமளி!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒரு விளம்பர மூளை விழித்துக்கொண்டது. 'சாயம் போகும், உத்தரவாதம்!' என்று குறையையே பெருமையாக்கி 'செவன்டீன்' பத்திரிகையில் 8 பக்கம் போட்டார்கள். ஒவ்வொரு துவையலிலும் புது நிறம், புது சட்டை! அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் பித்துப்பிடித்து வாங்கினார்கள். நம் வீட்டில் சாயம் போனால் தறிக்காரருக்குத் திட்டு, அங்கே போனால் ஃபேஷன்!

உலகப் புகழ் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயரிலும் சென்னைச் சரக்கின் கைங்கரியம் இருக்கிறது! எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னர். 1718-ல் 417 புத்தகமும், மன்னரின் படமும், மூட்டை மூட்டையாகச் சரக்கும் ஒரு சின்னக் கல்லூரிக்கு அனுப்பினார். சரக்கை விற்றதில் தேறியது 562 பவுண்டு. அதற்கே கல்லூரி தன் பெயரை மாற்றிக்கொண்டது!

நம் மெட்ராஸ் துணி கப்பலேறிக் கரீபியன் தீவுகளுக்கும் போனது. டொமினிகாவிலும் செயின்ட் லூசியாவிலும் தேசிய உடையிலேயே இடம் பிடித்துவிட்டது! குவாதலூப், மார்டினிக் தீவுப் பெண்கள் அதைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். சும்மா இல்லை, கட்டில் ஒரு ரகசியம்! மேலே ஒரு முனை நீட்டியிருந்தால் 'இன்னும் யாருக்கும் மனசைக் கொடுக்கவில்லை'. இரண்டு முனை என்றால் 'கொடுத்தாச்சு'. மூன்று முனை என்றால் 'கல்யாணமாகிவிட்டது, வழியைப் பாருங்கள்'. நான்கு முனை? 'கல்யாணமாகிவிட்டது... ஆனாலும் முயற்சி செய்து பாருங்களேன்!'